சிவப்பு விழுந்தால் பேசுவாள்

மார்ச் 10, திங்கள்

இன்று காளைமாட்டுச் சிலை சிக்னலில் மானம் போயிற்று. சிவப்பு விழுந்தது, நியூட்ரல் போட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்தேன், இன்ஜின் பொசுக்கென்று அணைந்துவிட்டது. முப்பது வருடம் லாரி ஓட்டியவன் நான். செல்ப் எடுக்காத லாரியை ஒருமுறை அணைத்துவிட்டால் அப்புறம் தள்ளுவதற்கு ஆள் தேடி அலைய வேண்டும். அதனால் டீ குடிக்க நிறுத்தினால்கூட இன்ஜினை அணைக்க மாட்டோம். சாவியைத் திருப்பினேன், மறுபடி திருப்பினேன், அதற்குள் பச்சை விழுந்து பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹாரனில் கையை வைத்துவிட்டார்கள். ஒரு ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்து, "ஏனுங் பெரியவரே, புதுக் காரையும் தள்ளோணுமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

சாயங்காலம் சர்வீஸ் ஆளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அது கோளாறு இல்லையாம், வசதியாம்! நின்றால் தானாக அணையும், கிளட்சை மிதித்தால் தானாக ஸ்டார்ட் ஆகும், பெட்ரோல் மிச்சமாம். வேண்டாமென்றால் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்க வேண்டுமாம். "ஒரேடியா நிறுத்த முடியாதுங் சார். ஒவ்வொருக்கா சாவி போடறப்பவும் அமுக்கோணுமுங்க" என்றான். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் காதில் வாங்காத வண்டி. பெங்களூரில் இருக்கும் என் மகன் தரணி, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதற்கென்றே போன மாதம் வாங்கி அனுப்பினான்.

என் மனைவி துளசிமணிக்கு இன்றுதான் முதல் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்தார்கள். வலிக்கவில்லை என்றாள்.

மார்ச் 12, புதன்

வண்டி எடுத்ததும் பொத்தானை அமுக்கினேன். மீட்டரில் மஞ்சளாக ஒரு லைட் எரிகிறது. எரிந்துவிட்டுப் போகட்டும். போக வர இன்ஜின் அணையவில்லை, நிம்மதி.

எனக்கு இடது காது மந்தம். பழைய லாரியில் இன்ஜின் டிரைவருக்கு இடப்பக்கம், கேபினுக்குள்ளேயே இருக்கும். அது உறுமி உறுமியே அந்தக் காதைத் தின்றுவிட்டது. அதனால் துளசி என்னோடு கத்தித்தான் பேசுவாள். எங்கள் கொல்லம்பாளையத்தில் அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டால் அடுத்த தெருக்காரன் கை கழுவுவான் என்று சொந்தக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். அந்தக் குரல் பொங்கலுக்கு அப்புறம் கம்மிப் போயிற்று. சளி என்று மிளகும் பனங்கற்கண்டும் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நெஞ்சுக்குள் கட்டி, அது குரல் நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் கண்டுபிடித்த நேரத்தில் அவளிடம் வெறும் காற்றுதான் மிச்சமிருந்தது.

சமையலுக்கு என் அக்கா ருக்குமணி வந்திருக்கிறாள். வீட்டில் சீக்கு விசாரிக்க ஓயாத ஒறம்பரை, சொந்தக்காரர் கூட்டம். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ், ஆப்பிள். வந்தவர்கள் டிவியையும் போட்டுக்கொண்டு அதற்கு மேல் பேசுகிறார்கள். எழுதிக் காட்டு என்று அக்கா துளசிக்கு ஒரு நோட்டு கொடுத்தாள். "உப்பு கம்மி நங்கையா" என்று மட்டும், நாத்தனாரை அவள் கூப்பிடுகிற முறையில், அதில் எழுதியிருக்கிறாள். அக்காவுக்குக் கோபம்.

மார்ச் 13, வியாழன்

ஆப்பிள் அழுகுகிறது.

மார்ச் 17, திங்கள்

காலையில் சிலிண்டர் போட வந்தவனோடு சண்டை. அந்தக் கோபத்தில் பொத்தானை மறந்துவிட்டேன். பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் இன்ஜின் அணைந்தது. திட்ட வாயைத் திறந்தேன், இடப்பக்கத்தில் ஒரு பேச்சு கேட்டது.

"...அதுக்கு அந்தப் புள்ள என்ன சொல்லுச்சுன்னு தெரியுமுங்களா?"

"எந்தப் புள்ள?" என்றேன்.

துளசி திரும்பி என்னைப் பார்த்தாள். "கரண்டு வெக்கற ரூம்ல இருக்குதே, அந்தப் புள்ளைங்க. வீட்டுல இருந்து அதையத்தான சொல்லிட்டு வர்றேன்."

"வீட்டுல இருந்தா?"

"தெனமுந்தான் பேசிட்டு வர்றேன். நீங்களும் தலைய ஆட்டிட்டு வர்றீங்க."

அவள் வாய் அசைந்தால் தலையாட்டுவது லாரிக் காலத்துப் பழக்கம். இன்ஜின் ஓடினால் அவள் பேச்சில் ஒரு சொல்கூட என் காதில் விழுவதில்லை, அது எனக்கே இன்றுதான் தெரிந்தது. போன வாரம் எதற்கெல்லாம் தலையாட்டினேனோ!

"போன வாரம் என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"போச்சாது உடுங்க மாமா" என்றாள். பச்சை விழுந்துவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

பொத்தானை அமுக்கவில்லை. பெட்ரோல் விற்கிற விலைக்கு மிச்சம் பிடித்தால் தப்பில்லை.

கரண்ட் ரூம் பெண்ணின் கதை மூன்று சிக்னலில் முடிந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், அந்த மிஷின் பக்கத்தில் வேலை செய்தால் பிள்ளை பிறக்குமா என்று கேட்டார்களாம். காளைமாட்டுச் சிலையில் இதோடு கதை நின்றுவிட்டது. பச்சை எப்போதடா மாறும், அடுத்த சிவப்பு எப்போதடா வரும் என்று எனக்கு ஒரே தவிப்பு. பார்க் சிக்னலில் மீதி. நான் டெஸ்ட் எடுத்துக்கிறேன், மாப்பிள்ளையும் எடுத்துட்டு வரட்டும், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம் என்றாளாம் அந்தப் பெண்! பெரியாஸ்பத்திரி சிக்னலில், மாப்பிள்ளை எழுந்து ஓடிய ஓட்டம். நான் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். துளசியும் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வருகிறது.

மார்ச் 21, வெள்ளி

ஏசி ஓடினால் இந்த வண்டி சொன்னபடி கேட்பதில்லை. சிவப்பில் அணைகிறது, உள்ளே கொஞ்சம் சூடு ஏறியதும் பாதியில் தானாக ஸ்டார்ட் ஆகிவிடுகிறது, அவள் பேச்சு அறுந்துபோகிறது. "ஏசிய நிறுத்துங்க மாமா" என்றாள். இந்த வெயிலில் சீக்காளியை ஏசி இல்லாமல் கூட்டிப் போவதா என்று சத்தம் போட்டேன். அவளே கையை நீட்டி நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் வேர்த்து வழிந்துகொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் என்னைத்தான் முறைத்தாள்.

மார்ச் 27, வியாழன்

துளசி இப்போது அரிசிம்பருப்பு சாதம் செய்வது எப்படி என்று சொல்லித் தருகிறாள். சின்ன வெங்காயம் எவ்வளவு வதங்க வேண்டும் என்பது காளைமாட்டுச் சிலையில் கிடைத்தது, தண்ணீர் அளவு பார்க்கில். எனக்கெதற்கு இதெல்லாம்? "நான் என்ன ஓட்டலா வெக்கப் போறேன்?" என்றேன். "கேட்டு வெச்சுக்குங்க" என்றாள்.

பச்சையாக இருக்கும்போதே நான் மெதுவாக உருட்டிக்கொண்டு போகிறேனாம், சிவப்பு விழட்டும் என்று. துளசி கண்டுபிடித்துவிட்டாள். "பின்னால பாருங்க, அந்த பஸ்காரன் உங்களை என்ன சொல்லி வையறான்னு" என்றாள். பஸ்காரனை நான் முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கரண்ட் முடிந்தது. இனி பாட்டிலில் மருந்து ஏற்றுவார்கள். கரண்ட் ரூம் பெண்ணுக்குத் துளசி ஒரு ஜாக்கெட் துணி கொடுத்தாள். அந்தப் பெண் இவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

இரண்டு நாளாக வாந்தி. தலையணை முழுக்க முடி. அக்கா அதைத் துளசி பார்ப்பதற்குள் தட்டிவிடுகிறாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஸ்கேன் வந்துவிட்டது. குறையவில்லை. ஈரலுக்கும் போயிருக்கிறது.

டாக்டர் சின்ன வயசுப் பையன், தன்மையாகத்தான் சொன்னார். வேறு மருந்து ஒன்று இருக்கிறது, போட்டுப் பார்க்கலாம், ஆனால் பெரிதாக நம்ப முடியாது, உடம்பு ரொம்பப் படும் என்றார். இல்லையென்றால் வீட்டிலேயே வைத்து வலிக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். "அம்மாவையும் கேட்டு முடிவு பண்ணுங்க" என்றார். துளசி அப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

தரணிக்குப் போன் போட்டேன். "எந்த மருந்தா இருந்தாலும் போடச் சொல்லுங்கப்பா" என்று அழுதான். உள்ளே போய், போடுங்க டாக்டர் என்று சொல்லிவிட்டேன். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? மே ஐந்தாம் தேதி ஆரம்பம். அதுவரைக்கும் உடம்பைத் தேற்ற ஊசி, ரத்தம் என்று தினமும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 23, புதன்

பார்க் சிக்னலில் துளசி என்னவோ சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை. பின்னால் பஸ் ஹாரன்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்றிலிருந்து பொத்தானை அமுக்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் சிக்னலுக்குச் சிக்னல் அணைந்து அணைந்து ஸ்டார்ட் ஆனால் செல்ப் மோட்டார் என்னத்துக்கு ஆகும்? இந்த வண்டிக்குப் பேட்டரியே தனிப் பேட்டரி, கடையில் கிடைக்கிற சாதா பேட்டரி ஒத்துக்கொள்ளாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அது படுத்துவிட்டால் அவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஏசியும் ஓட வேண்டும். கத்திரி வெயில் வரப் போகிறது.

அவள் பேசிக்கொண்டு வந்தாள். தலையாட்டினேன்.

ஏப்ரல் 28, திங்கள்

"அந்த மஞ்ச லைட்டு என்னுங்க மாமா?" என்று துளசி கேட்டாள். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பப் போகும் நேரம். கையால் காட்டியதால் புரிந்தது.

"பேட்டரி லைட்டு" என்றேன்.

இறங்கும்போது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கை எடையே இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

துளசி தரணியிடம் போனில் அந்த லைட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். மெசேஜ் தட்டிக் கேட்டாளாம். அவனும் பெரிய இவனாட்டம் படம் போட்டு விளக்கம் அனுப்பியிருக்கிறான். காலையில் வண்டியில் ஏறினதும் என் கையைப் பிடித்து, பொத்தானை அமுக்க வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

சரி, அமுக்கவில்லை. ஆனால் சிக்னலில் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடி இருந்தால் இன்ஜின் அணையாது. நம்மை இந்த வண்டி என்ன செய்துவிடும்?

மே 1, வியாழன்

இடது முழங்கால் குத்துகிறது. மூன்று நாளாகச் சிக்னலில் எல்லாம் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்கிறேன் அல்லவா. அக்கா தைலம் கொடுத்தாள். "வயசாகுதுடா குமாரசாமி, இவ்வளவு தூரம் நீயே ஓட்டோணுமா, ஆள் போட்டுக்க" என்றாள். ஆளெல்லாம் வேண்டாம்.

மே 5, திங்கள்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

காலையில் கிளம்பினோம். புது மருந்துக்கு முதல் நாள். அக்கா சூடம் சுற்றி அனுப்பினாள். துளசி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பார்க் சிக்னலில் சிவப்பு. கிளட்சை மிதித்தபடி நின்றேன். துளசி கையை நீட்டி என் இடது முழங்கால் மேல் வைத்தாள். தைலம் தேய்த்த இடம். பிறகு ஏசியை நிறுத்தினாள். என் நல்ல காது பக்கமாக, இருக்கையில் இருந்து எக்கி, வாயைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"கால எடுங்க மாமா."

அது கேட்டது. நியூட்ரல் போட்டுக் காலை எடுத்தேன். இன்ஜின் அணைந்தது.

"போதுமுங்க. எனக்கு இந்த மருந்து வேண்டாம். ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கேக்கல" என்றேன்.

"கேட்டுச்சு" என்றாள். "அன்னைக்கு இதே சிக்னல்ல சொன்னப்பவும் கேட்டுச்சு உங்களுக்கு. ஊட்டுல சொல்லலாம்னா அத்தன சனம். எழுதிக் குடுக்கலாம்னா, இதையப் போய் எப்படிங்க மாமா எழுதறது? ஒரே ஒருக்கா, நானு சொல்லி நீங்க காதுல வாங்கோணும். தரணி எஞ் சொல்லக் கேக்க மாட்டான். நீங்க செரின்னாத்தான் கேப்பான்."

"அப்பிடி உட்டுற முடியுமா துளசி? அப்பறம் நான் எப்பிடி இருக்கறது?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது. அவளுக்கு என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

"அதுக்குத்தான சோறாக்கச் சொல்லிக் குடுத்தேன்" என்றாள்.

பச்சை விழுந்தது. நான் கிளட்சை மிதிக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள், இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள். மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. என் ஆயுசில் ஒரு சிக்னலை மறித்து நின்றதில்லை. போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?"

"இல்லீங்க. பேசிட்டிருக்கறோம்" என்றேன்.

அவர் குனிந்து துளசியைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். போய்ப் பின்னால் வந்த வண்டிகளை அக்கட்டால ஒதுங்கிப் போகும்படி கையைக் காட்டினார்.

"ரொம்ப வலிக்குதா?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"ஆமாங்க" என்றாள்.

"செரி" என்றேன். அடுத்த பச்சையில் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

மே 6, செவ்வாய்

தரணி போனில் கத்தினான். நீங்க அம்மாவைக் கொல்றீங்க என்றான். சொல்லட்டும். அப்புறம் ராத்திரி பஸ்ஸில் கிளம்பி வருகிறேன் என்றான். டாக்டர் வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றார். அந்தச் சின்னப் பையனைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மே 11, ஞாயிறு

மாத்திரை வேலை செய்கிறது. துளசி இன்று சந்தகை கேட்டு வாங்கி இரண்டு வாய் தின்றாள். ஒறம்பரை எல்லாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஆகாதவன் என்று பேர், போகட்டும்.

பொழுதோட, வெயில் தாழ்ந்ததும், அவளை வண்டியில் வைத்து ஒரு சுற்று. ஆஸ்பத்திரிக்கு இல்லை, சும்மா. காளைமாட்டுச் சிலை, பார்க், திண்டல் கோயில் வரைக்கும். தரணி பின்னால் உட்கார்ந்திருந்தான். சிக்னலில் இன்ஜின் அணைந்ததும் அவள் பேசினாள், அவன் முன்னால் சாய்ந்து கேட்டான். மகனுக்கு முறுக்கு எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொன்னாள். அது போன தீபாவளி முறுக்கு.

மே 19, திங்கள்

குரல் சுத்தமாக இல்லை. உதடு மட்டும் அசைகிறது. சுற்றுக்குக் கூட்டிப் போனேன். சிவப்பில் இன்ஜின் அணைந்தது. என்னமோ சொன்னாள். "சொல்லு" என்றேன். மறுபடி உதட்டை அசைத்தாள். புரியவில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. தலையாட்டினேன், சிரித்தாள்.

மே 25, ஞாயிறு

வண்டி எடுக்கவில்லை.

மே 29, வியாழன்

துளசி போய்விட்டாள். காலையில்.

ஜூன் 14, சனி

கருமாதி எல்லாம் முடிந்தது. அக்கா ஊருக்குப் போய்விட்டாள். தரணிக்கு நானே அரிசிம்பருப்பு சாதம் செய்து போட்டேன். தண்ணீர் அளவு சரியாக வந்தது, உப்பு கம்மி. உப்பு எவ்வளவு என்று எந்தச் சிக்னலிலும் அவள் சொல்லவில்லை. இரண்டு பேரும் அப்படியே தின்றோம்.

சாப்பிட்டுவிட்டுத் தரணி சொன்னான், இந்த வண்டிக்கு ஒரு சின்ன சாமான் விற்கிறதாம், மாட்டிவிட்டால் இன்ஜின் அணைகிற தொந்தரவு ஒரேடியாகப் போய்விடுமாம். மார்ச்சில் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு அப்போதே கடையில் விசாரித்து வைத்திருந்தானாம். "வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். அது அணையாமலே இருந்திருந்தால் எனக்கு அவளிடம் அந்தக் கொஞ்ச நாள் பேச்சும் கிடைத்திருக்காது.

ஜூன் 16, திங்கள்

தரணியை ஸ்டேஷனில் விட்டுவிட்டு, துளசிக்குக் கடைசியில் வாடகைக்கு எடுத்திருந்த சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

பார்க் சிக்னலில் சிவப்பு. நியூட்ரல் போட்டேன், காலை எடுத்தேன், ஏசியை நிறுத்தினேன். இன்ஜின் அணைந்தது. பழக்கம், இடப்பக்கம் காதைச் சாய்த்தேன். யாரும் பேசவில்லை. அந்தச் சிவப்பு முழுக்க யாரும் பேசவில்லை. கடவுளே, அவள் இல்லை என்று வீட்டில் அத்தனை பேர் சொல்லி அழுதபோதுகூட எனக்கு இப்படித் தெரியவில்லை. பச்சை விழும்வரை இருக்க முடியாமல் கிளட்சை மிதித்துவிட்டேன்.

திரும்பி வரும்போது சாவி போட்டதும் பொத்தானை அமுக்கினேன். அதே சிக்னலில் நின்றேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, இடது காதில் அந்தச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. மார்ச்சில் கரண்ட் வைத்த முதல் வாரம் முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள், எனக்குத்தான் கேட்கவில்லை. இன்ஜின் ஓடுகிறவரைக்கும் அவள் பேசவில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்ததும் தரணிக்குப் போன் போட்டு, அந்தச் சாமானை வாங்கி மாட்டச் சொல்லிவிட்டேன். மனசு மாறிருச்சாப்பா என்று கேட்டான். பேட்டரிக்கு நல்லது என்றேன்.

பார்க்கிலிருந்து வீடு வரைக்கும் தலையாட்டிக்கொண்டேதான் வந்தேன்.